"ஊருக்குள்ளேயே முடிப்போம்" என்ற பேச்சின் வரலாறு

 

ஒரு பிள்ளைக்கோ பெண்ணுக்கோ அநியாயம் நடந்தால் நம் கிராமங்களில் முதலில் வரும் பேச்சு, "பொலிஸுக்குப் போக வேண்டாம், ஊருக்குள்ளேயே முடிப்போம்" என்பதுதான். இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது?

இலங்கையில் பொலிஸ் கட்டளைச் சட்டம் வந்தது 1865இல். அடுத்த வருடம் செப்டம்பர் 3இல் வில்லியம் கெம்பல் பொலிஸ் தலைமையை ஏற்றார். இன்றும் பொலிஸ் தினம் அந்தத் திகதியில்தான். ஆனால் அந்தப் பொலிஸ் பெரும்பாலும் நகரத்தோடு நின்றது. கிராமத்தில் சட்டம் என்றால் விதானையார்தான். களவு, அடிதடி எதுவானாலும் அவரிடம்தான் போக வேண்டும். அவர் ஊரவர், எல்லாரையும் தெரிந்தவர். நன்மையும் அதுதான், ஆபத்தும் அதுதான். அடித்தவர் பெரிய குடும்பம் என்றால் அடிபட்டவரின் குரல் எடுபடுவது கஷ்டம்.

1963இல் அந்தப் பதவி ஒழிக்கப்பட்டு கிராம சேவகர் வந்தார். பொலிஸ் நிலையங்களும் கிராமங்களை நெருங்கி வந்தன. பழைய மனப்பழக்கம் மட்டும் போகவில்லை.

சட்டமோ மாறிக்கொண்டே வந்தது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி, வாயால் சொல்லும் முறைப்பாட்டைச் சொன்னவரின் மொழியிலேயே எழுதி, அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அந்த மொழியில் எழுத முடியாவிட்டால், முறைப்பாட்டாளரையே எழுதித் தருமாறு கேட்க வேண்டும். ஆகவே விளங்காத மொழியில் எழுதியதற்குக் கண்ணை மூடிக்கொண்டு கையொப்பம் வைக்காதீர்கள்.

2015இல் வந்த 4ஆம் இலக்கச் சட்டம்தான் பாதிக்கப்பட்டவரின் உரிமைக்கென்றே வந்த முதல் சட்டம். கண்ணியமாக நடத்தப்படுவது, மிரட்டலிலிருந்து பாதுகாப்பு, மருத்துவ உதவி, விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று அறிவது எல்லாம் உரிமையாயின. முறைப்பாட்டை வாபஸ் வாங்கும்படி மிரட்டுவது குற்றமாயிற்று. 2023இல் அதன் இடத்துக்கு 10ஆம் இலக்கச் சட்டம் வந்தது.

சமாதானம் பேசுவதே பிழை என்று நான் சொல்லவில்லை. வேலிச் சண்டை, கடன் தகராறு போன்றவற்றுக்கு 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மத்தியஸ்த சபையே இருக்கிறது. பள்ளிவாசல் நிர்வாகமும் இவற்றைப் பேசித் தீர்க்கலாம். ஆனால் சிறுவர் துஷ்பிரயோகமும் பாலியல் வன்முறையும் பேசித் தீர்க்கும் விடயங்களல்ல. அங்கே "சமாதானம்" என்பது குற்றவாளிக்கு மட்டுமே கிடைக்கும். அடுத்த பிள்ளைக்கு அதுவே ஆபத்து.

நாம் செய்யக்கூடியது சின்ன வேலைதான். பாதிக்கப்பட்டவரைத் தனியே அனுப்பாமல் கூடப் போங்கள். பொலிஸ் நிலையத்தில் சிறுவர், மகளிர் பிரிவைக் கேளுங்கள். அவசரத்துக்கு 119, சிறுவர்களுக்கு 1929, பெண்களுக்கு 1938. முறைப்பாடு செய்த குடும்பத்தை ஊர் ஒதுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. அதை நம்பி வாசல் தாண்டும் தைரியத்தை ஊர்தான் கொடுக்க வேண்டும்.