இருவர் உழைக்கும் வீடு: கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டக் குடும்பங்கள்

கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்லும் குடும்பங்களின் பணிச்சுமை பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் நகர அலுவலகங்களிலிருந்தே தொடங்குகின்றன. தமிழரிடையே இருவர் கூலியில் நடந்த குடும்பத்தின் வரலாறு அதனினும் பழையது. அவ்வரலாற்றின் ஓர் இயல் நிக்கோபாரின் கச்சால் தீவில் உள்ளது.

1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கையின் இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. இந்தியா வந்தவர்களில் ஒரு சிறு பகுதியினர் 1970களில் கச்சாலின் அரசு ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டனர்.

அவர்கள் விட்டுவந்த இலங்கைத் தோட்டங்களில் குடும்பமே உழைப்பின் அலகாக இருந்தது. தோட்டத்து வழக்குச் சொற்களே இதற்குச் சான்று. ஒரு நாள் வேலை ‘பேர்’. அதில் பாதிக்கு ‘அரைப்பேர்’. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம் ‘பிரட்டு’. குழந்தைகளை விட்டுச்செல்லும் இடம் ‘பிள்ளைக் காம்பரா’. இந்நான்கு சொற்களுக்குள் ஒரு தாயின் காலைப்பொழுது முழுவதும் அடங்கிவிடுகிறது.

ரப்பர்த் தொழில் இந்நெருக்கடியை மேலும் இறுக்குகிறது. மரத்தின் உள்ளழுத்தம் விடியலுக்கு முன் மிகுந்திருக்கும். வெயில் ஏறினால் பால் வரத்துக் குறையும். ஆகவே பால்வெட்டு இருளிலேயே தொடங்க வேண்டும். உலை வைத்துப் பிள்ளைகளை எழுப்ப வேண்டிய நேரமும் அதுவே. கணவன், மனைவி இருவரும் வெட்டுக்குச் சென்றால் அவ்வேளையில் வீட்டில் பெரியவர் எவரும் இல்லை.

முன்பு அவ்விடத்தை நிரப்பியவர்கள் பாட்டியும் அத்தையும். குடியுரிமைப் பிரிப்போ பல குடும்பங்களின் உறவினரைக் கடலின் இரு கரைகளிலும் நிறுத்தியது. கச்சால், நிக்கோபார்ப் பழங்குடியினரின் காப்புப் பகுதி; 1956ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி அங்கு வெளியார் நிலம் பெறுவதைக் கட்டுப்படுத்துகிறது. பழங்குடியினருக்கு இன்றியமையாத அக்காப்பு, தோட்டத் தொழிலாளருக்கு மாற்றுவழியைச் சுருக்கியது. கூலியும் குடியிருப்பும் ஒரே தோட்டத்தைச் சார்ந்திருந்தன. வேலையிடத்துக் கசப்பை விட்டுவர, தோட்டத்துக்கு வெளியே ஒரு வீடு இல்லை.

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்ட பெண்கள் பணிபுரியும் தோட்டங்களில் குழந்தைக் காப்பகத்தைக் கோரியது. அங்கும் தாய்மாரே எண்ணப்பட்டனர். தந்தையர் கணக்கில் வரவில்லை. இருவரும் உழைத்த வீட்டில் பிள்ளை ஒருவரின் பொறுப்பாகவே சட்டத்தில் எழுதப்பட்டது. இன்றைய அலுவலகத் தம்பதியரின் மனஅழுத்தத்தை ஆராய்வோர் தொடங்க வேண்டிய இடம் இந்தக் கணக்கே.