குறைந்த செலவு அறிவியல் அச்சப் படங்களின் ஈர்ப்பு: மெய்ப்பாட்டியல் நோக்கில் ஒரு வரலாற்று ஆய்வு (1950–1968)

முன்னுரை

திரைப்படத்தைக் கலைவடிவமாகக் கொண்டு ஆராய்வோர் பெரிதும் தேர்ந்த இயக்குநர்களின் படைப்புகளையே ஆய்வுப் பொருளாகக் கொள்கின்றனர். சில நாள்களில், மிகக் குறைந்த பொருட்செலவில் எடுக்கப்பட்ட படங்கள் ஆய்வுக்கு உரியன அல்ல என ஒதுக்கப்படுகின்றன. எனினும், 1950களில் அமெரிக்காவில் பெருந்தொகையாக வெளிவந்த அறிவியல் அச்சப் படங்கள் எழுபது ஆண்டுகள் கடந்த பின்னரும் விரும்பிப் பார்க்கப்படுகின்றன. அதே காலத்தில் பெரும் பொருட்செலவில் எடுக்கப்பட்ட படங்கள் பல மறக்கப்பட்டுவிட்டன. இவ்வீர்ப்பின் காரணம் யாது என்னும் வினாவிற்குத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலைத் துணையாகக் கொண்டு விடைகாண இக்கட்டுரை முற்படுகின்றது.

மெய்ப்பாட்டியல் செய்யுளுக்கு உரியதாயிற்றே, அதனைத் திரைப்படத்திற்குப் பொருத்தலாமா என்னும் ஐயம் எழுதல் இயல்பு. இளம்பூரணர் மெய்ப்பாட்டியலுக்கு உரை வகுக்குமிடத்து, இன்று கிடைக்காத செயிற்றியம் என்னும் கூத்து நூலை எடுத்தாள்கின்றார். எனவே மெய்ப்பாட்டுக் கொள்கைக்கும் காட்சிக் கலைக்கும் உள்ள உறவு உரையாசிரியர் காலத்திலேயே உணரப்பட்டிருந்தது எனலாம்.

வரலாற்றுப் பின்னணி

1948ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் பாரமவுண்ட் வழக்கில் வழங்கிய தீர்ப்பு, பெரிய படப்பிடிப்பு நிறுவனங்கள் திரையரங்குகளைத் தம் கையில் வைத்திருந்த முறைக்கு முடிவு கட்டியது. படங்களைக் கட்டாகச் சேர்த்துத் திரையரங்குகளின் மேல் சுமத்தும் வழக்கமும் தடை செய்யப்பட்டது. அதே வேளையில் தொலைக்காட்சி வீடுகளுக்குள் நுழைந்தது. பெரிய நிறுவனங்கள் படங்களின் எண்ணிக்கையைக் குறைத்துச் செலவைக் கூட்டின. திரையரங்குகளுக்கோ வாரந்தோறும் புதிய படங்கள் தேவைப்பட்டன. இவ்விடைவெளியைச் சிறு தயாரிப்பாளர்கள் நிரப்பினர்.

வாகனத்தில் அமர்ந்தவாறே படம் பார்க்கும் திறந்தவெளி அரங்குகள் இவர்களுக்குத் துணை நின்றன. 1933இல் நியூஜெர்சி மாநிலத்துக் கேம்டனில் தொடங்கிய இவ்வகை அரங்குகள் 1950களின் இறுதியில் நான்காயிரத்தைத் தாண்டின. இவற்றிற்கு வந்தவர்களுள் இளைஞர் மிகுதி. ஜேம்ஸ் நிக்கல்சன், சாமுவேல் ஆர்க்காஃப் ஆகிய இருவரும் 1954இல் தொடங்கி, 1956 முதல் அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ் என்னும் பெயரில் நடத்திய நிறுவனம் இவ்விளைஞரையே குறிவைத்தது. முதலில் தலைப்பும் சுவரொட்டியும் உருவாகும். படம் பின்னரே எழுதப்படும். இந்நிறுவனத்திற்குப் படம் எடுத்தவர்களுள் தலையாயவர் ரோஜர் கார்மன் (1926–2024). அவரது ‘தி லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்’ (1960) படத்தின் பெரும்பகுதி, முன்பே கிடந்த அரங்க அமைப்பில் இரண்டே நாள்களில் எடுக்கப்பட்டது.

இவ்வரலாற்றில் தமிழகத்திற்கும் ஓர் இடம் உண்டு. குறைந்த செலவுப் படங்களுக்குப் பெயர்பெற்ற ராபர்ட் லிப்பெர்ட்டின் நிறுவனம், டி.ஆர். சுந்தரத்தின் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸுடன் கூட்டாக ‘தி ஜங்கிள்’ (1952) என்னும் படத்தைத் தயாரித்தது. வில்லியம் பெர்க் இயக்கிய இப்படம் தமிழில் ‘காடு’ என வெளிவந்தது. ராட் கேமரன், சீசர் ரொமேரோ, மேரி வின்ட்சர் ஆகியோருடன் எம்.என். நம்பியாரும் இதில் நடித்தார். காட்டு விலங்குகள் வெகுண்டு ஓடுவதன் காரணத்தைத் தேடிச் செல்வோர், அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட மாமூத் என்னும் பேரியானைகளைக் காண்பதே கதை. நாட்டு யானைகளுக்குச் சடைமயிர் போர்த்தி அவ்விலங்குகள் உருவாக்கப்பட்டன. யானையை நாள்தோறும் கண்டு பழகிய தமிழ் மக்களுக்கும், யானையே புதுமையாகத் தோன்றிய அமெரிக்கச் சிற்றூர் மக்களுக்கும் ஒரே போர்வை இருவேறு உணர்வுகளைத் தந்திருக்கும் என எண்ண இடமுண்டு.

மருட்கையின் நிலைக்களன்கள்

மருட்கை என்னும் வியப்பு புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் ஆகிய நான்கின் வழியாகத் தோன்றும் என்பது தொல்காப்பியர் கருத்து. ஆக்கம் என்பதற்கு ஒன்று மற்றொன்றாகத் திரிதல் எனப் பொருள் கொள்ளலாம். இந்நான்கும் 1950களின் அறிவியல் அச்சப் படங்களை வகைப்படுத்துவதற்கென்றே வகுக்கப்பட்டவைபோல் அமைந்துள்ளமை நோக்கத்தக்கது.

வேற்றுக்கோளிலிருந்து வருவன புதுமையின்பாற்படும். லிப்பெர்ட் தயாரித்த ‘ராக்கெட்ஷிப் எக்ஸ்-எம்’ (1950) படத்தில் செவ்வாயை அடைவோர், அணுப்போரால் அழிந்த ஒரு நாகரிகத்தின் எச்சங்களைக் காண்கின்றனர். செவ்வாய்க் காட்சிகளுக்குச் செந்நிறம் ஊட்டியதொன்றே அந்நிலத்தை வேற்றுலகாக்கிற்று. பெருமைக்கு ‘தெம்!’ (1954) சான்றாகும். வார்னர் பிரதர்ஸ் என்னும் பெரிய நிறுவனம் எடுத்த இப்படத்தில் நியூமெக்சிகோ பாலைநிலத்து அணுகுண்டுச் சோதனையால் எறும்புகள் பேருருக் கொள்கின்றன. இதன் வெற்றியைக் கண்ட சிறு தயாரிப்பாளர்கள் நண்டு, சிலந்தி, வெட்டுக்கிளி என ஒவ்வொன்றையும் பெரிதாக்கினர். சிறுமைக்கு ஜாக் ஆர்னால்டின் ‘தி இன்கிரெடிபிள் ஷ்ரிங்கிங் மேன்’ (1957) தக்க சான்று. கதிரியக்கப் பனிமூட்டத்திற்கு ஆட்பட்ட ஒருவன் நாளுக்குநாள் சுருங்குகிறான். வீட்டுப் பூனையும் நிலவறைச் சிலந்தியும் அவனுக்குக் கொடுவிலங்குகள் ஆகின்றன. ஆக்கத்திற்கு ‘தி ஃபிளை’ (1958), ‘ஐ வாஸ் எ டீனேஜ் வேர்வுல்ஃப்’ (1957) ஆகியவற்றைச் சுட்டலாம். முன்னதில் ஆய்வாளன் ஈயாகத் திரிகிறான். பின்னதில் பள்ளி மாணவன் ஓநாயாகத் திரிகிறான்.

பண்டை மருட்கைக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. இப்படங்களில் திரிபின் காரணம் பெரும்பாலும் மனிதனின் செயலேயாகும். 1945இல் நியூமெக்சிகோவில் வெடித்த முதல் அணுகுண்டும், அதே ஆண்டில் இரோசிமா, நாகசாகி நகரங்களின் அழிவும் மக்கள் மனத்தில் விதைத்த அச்சம் இங்கு வியப்பாக உருமாறி வருகின்றது. சூசன் சான்டாக் 1965ஆம் ஆண்டுக் கட்டுரையில் அறிவியல் புனைவுப் படங்களின் உண்மைப் பொருள் பேரழிவே என வாதிட்டார். அவர் கருத்து ஏற்கத்தக்கதே. ஆயினும் அழிவு மட்டுமே பார்வையாளரை ஈர்த்ததென்றால் சுருங்கும் மனிதனின் முடிவை விளக்க இயலாது. தன்னை மறைத்துவிடும் நுண்மைக்குள் அவன் அஞ்சாது செல்கின்றான். அச்சம் வியப்பில் முடியும் இடம் அது.

அச்சத்தின் நிலைக்களன்கள்

அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கும் அச்சம் பிறக்கும் களன்களாகும். முதலிரண்டு களன்களும் இவ்வகைப் படங்களில் பெருவரவின. மிகுதியும் ஆராயத்தக்கவை பின்னிரண்டும் ஆகும்.

டான் சீகல் இயக்கிய ‘இன்வேஷன் ஆஃப் தி பாடி ஸ்னாட்சர்ஸ்’ (1956) ஏறத்தாழ நான்கு இலட்சம் டாலர் செலவில் எடுக்கப்பட்டது. இதன் தலைப்பே உடல் கவரும் கள்வரைக் குறிக்கின்றது. ஒரு சிற்றூரில் மக்கள் உறங்கும்போது, வேற்றுலக விதையுறைகளிலிருந்து அவர்களை ஒத்த உருவங்கள் தோன்றி அவர்தம் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. முகம், குரல், நினைவு அனைத்தும் முன்போலவே உள்ளன; உணர்ச்சி மட்டும் இல்லை. தன் மாமன் தன் மாமனே அல்லன் என ஒரு பெண் கூறும் காட்சியில் கோர உருவம் எதுவும் இல்லை. புல் வெட்டிக்கொண்டிருக்கும் ஒரு முதியவரே உள்ளார். பணமின்மை இங்குக் குறையாகவில்லை; பொருளுக்கு ஏற்ற வடிவமாகியுள்ளது. கள்வர் புறத்தேயிருந்து வருவர் என்னும் எண்ணத்தை இப்படம் குலைக்கின்றது. சுற்றமே கள்வராகும்போது அஞ்சி ஓடிப் புகுவதற்கு இடமில்லை.

இப்படத்தைப் பொதுவுடைமை அச்சத்தின் வெளிப்பாடாகவும், அதற்கு நேர்மாறாக மெக்கார்த்தி காலத்து ஒடுக்குமுறையின் மீதான கண்டனமாகவும் ஆய்வாளர் விளக்கியுள்ளனர். இரண்டிற்கும் படம் இடந்தருகின்றது. வெளிப்படையாகக் கூறாது பொருளை உள்ளடக்கி வைக்கும் இத்தன்மை, உள்ளுறையில் பழகிய தமிழ் வாசகர்க்குப் புதிதன்று.

நான்காம் களனாகிய இறைக்குச் சான்று ஜார்ஜ் ரொமேரோவின் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ (1968). பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 1,14,000 டாலர் செலவில், கருப்பு வெள்ளையில் இப்படம் எடுக்கப்பட்டது. இறந்தோர் எழுந்து உயிருள்ளோரை உண்ணும் இக்கதையில் அணங்கின் அச்சமே முதற்கண் தோன்றுகின்றது. கருப்பின நடிகர் டுவேன் ஜோன்ஸ் ஏற்ற பென் என்னும் பாத்திரம் இரவு முழுவதும் போராடித் தனியொருவனாய் உயிர் பிழைக்கின்றது. விடியலில் காப்பாற்ற வரும் ஆயுதக் குழுவினர் அவனையும் பிணமெனக் கருதிச் சுட்டுக் கொல்கின்றனர். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட 1968ஆம் ஆண்டில் இம்முடிவைக் கண்ட பார்வையாளருக்கு, காக்க வேண்டிய இறையே அஞ்சத்தக்கதாயிற்று. பெரிய நிறுவனம் எதுவும் இப்படத்தின் தயாரிப்பில் பங்குகொள்ளவில்லை. ஆகவே முடிவை மாற்றுமாறு பணிக்கும் அதிகாரமும் எவரிடத்தும் இல்லை. குறைந்த செலவு ஈட்டித்தந்த உரிமை இது எனலாம். அவ்வுரிமைக்கு விலையும் உண்டு. தலைப்பை மாற்றியபோது பதிப்புரிமைக் குறிப்பு விடுபட்டமையால், படம் பொதுவுடைமையாகி அதன் வருவாயில் பெரும்பங்கு படைத்தவர்களுக்குக் கிட்டாமற் போயிற்று.

நகையாகத் திரிதல்

குறைந்த செலவில் எடுத்தமையாலேயே ஒரு படம் சிறப்புறும் எனக் கொள்ளுதல் பொருந்தாது. ‘ரோபோ மான்ஸ்டர்’ (1953) படத்தில் வேற்றுலக உயிரி, கொரில்லாக் குரங்கின் உடையும் மூழ்குவோர் அணியும் தலைக்கவசம் போன்றதொரு கவசமும் தரித்து வருகின்றது. எட் வுட்டின் ‘பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்’ 1957இல் முன்னோட்டமாகத் திரையிடப்பட்டது. அதில் இடம்பெற்ற பேலா லுகோசி 1956இலேயே காலமாகிவிட்டமையால், வேறொருவர் மேலாடையால் முகத்தை மறைத்து அப்பாத்திரத்தைத் தொடர்ந்தார். இவற்றைக் காண்போர் அஞ்சுவதில்லை, நகைக்கின்றனர்.

எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நகைக்கும் நான்கு களன்கள் கூறப்படுகின்றன. 1980இல் ‘பிளான் 9’ உலகின் மிக மோசமான படமெனப் பட்டம் சூட்டப்பட்டபோது வெளிப்பட்டது எள்ளல். ஆயின் அப்படத்தை மீண்டும் மீண்டும் காண்போரிடம் எள்ளலினும் பேதைமையின்பாற் பிறக்கும் நகையே மிகுதி. அட்டையாற் செய்த கல்லறைக் கல் ஆடுவதைக் காண்பவர், அதனை மெய்யென நம்பவைக்க முயன்ற மனிதனின் ஆர்வத்தையும் உடன் காண்கின்றார். தெருக்கூத்தில் வேடங்கட்டியவரை அறிந்தே வேடத்தையும் ஏற்கும் பார்வையாளரின் மனநிலை இதனோடு ஒப்பிடத்தக்கது. இங்ஙனம் ஒரே படத்தில் அச்சம், மருட்கை, நகை ஆகிய மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றி மறைகின்றன.

முடிவுரை

குறைந்த செலவு அறிவியல் அச்சப் படங்களின் ஈர்ப்பு மூவகை மெய்ப்பாடுகளின் கூட்டிலிருந்து பிறக்கின்றது. அணுயுகத்தின் அறிவியல் மருட்கைக்குப் புதிய பொருளைத் தந்தது. சுற்றமும் அரசுமே அச்சத்தின் களனாகலாம் என்பதனைச் சிறு தயாரிப்பாளர்கள் பெரிய நிறுவனங்களினும் துணிந்து காட்டினர். முயற்சி தோற்ற இடத்தும் நகை எஞ்சியது.

உறவினர் முகத்தில் தோன்றும் கள்வரைத் தொல்காப்பியரின் நாற்களப் பகுப்பிற்குள் எங்கு வைப்பது என்பது மேலும் ஆராய்தற்குரியது. அவரைக் கள்வர் என்பதா, அணங்கு என்பதா? இவ்வினா மெய்ப்பாட்டுக் கொள்கையின் குறையைச் சுட்டுவதாகக் கொள்ள வேண்டியதில்லை. இருபதாம் நூற்றாண்டு மனிதன் கண்டடைந்த புதிய அச்சம் ஒன்றை அளந்து காட்ட அக்கொள்கை உதவுகின்றது என்பதே பொருந்தும். தமிழ்த் துறைகள் தம்மிடமுள்ள இவ்வளவுகோலைப் புறக்கணிக்கப்பட்ட கலைவடிவங்களின் மீதும் வைத்துப் பார்ப்பின் பயன் மிகும். சேலத்தில் உருவான ‘காடு’ போன்ற கூட்டுத் தயாரிப்புகளின் வரலாறு அம்முயற்சிக்குத் தக்க தொடக்கமாக அமையும்.