எண்ணெய்க் காப்பு

வால்வைத் திறக்கும் கேம் தண்டின் மேட்டுக்கும் வால்வுக்கும் நடுவே நின்று, கட்டைவிரல் பருமனே உள்ள ஓர் எஃகு உருளை ஓயாமல் செய்துவரும் ஊழியத்தை, மோட்டாரில் பிரயாணம் செய்கிறவர்களில் பெரும்பாலோர் நினைத்துப் பார்ப்பதில்லை. டாப்பெட் என்றும் லிஃப்டர் என்றும் வழங்கும் அந்த உருளையைப் புதிதாகப் பூட்டுமுன் கழுவித் துடைத்து, எண்ணெயில் ஊறவைத்து, அடிமுகத்தில் பசை தடவி, அதன் பிறகே அதற்குரிய துளையில் இறக்குவது, அமெரிக்க வி-8 யந்திரங்களைப் பிரித்துப் பூட்டும் தொழிலாளரிடையே வேரூன்றிய சம்பிரதாயம். அற்ப காரியமாகத் தோன்றும் இச்சம்பிரதாயத்தின் சரித்திரத்தைத் தெரிந்துகொண்டால், யந்திரத்தின் ஆயுள் எங்கே நிச்சயிக்கப்படுகிறது என்பதும் விளங்கிவிடும்.

ஆதியில் டாப்பெட் வெறும் எஃகுத் துண்டாகவே இருந்தது. சூடேறினால் உலோகம் நீளும், நீண்டால் வால்வு முழுவதும் மூடாது. ஆகையால் மயிரிழை போன்ற ஓர் இடைவெளியை விட்டே தீரவேண்டியிருந்தது. ஓட்டத்தில் ஓயாது கேட்ட டகடக என்னும் ஓசைக்கும், மெக்கானிக் அடிக்கடி இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜை எடுக்க நேர்ந்த சிரமத்துக்கும் அந்த இடைவெளியே காரணம். எண்ணெயைக் கொண்டே அதை நிரப்பிவிடலாம் என்ற யுக்தியை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கியவர்களுள் முதன்மையானவர், பிரான்ஸ் தேசத்து லெ மான் நகரைச் சேர்ந்த அமெதே பொல்லே. மணி வார்ப்பதைக் குலத்தொழிலாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்தவர் அவர். உலோகம் உலோகத்தில் மோதினால் எழும் நாதத்தை அறிந்த அக்குடும்பத்திலிருந்தே அதை அடக்கும் வழியும் பிறந்தது. 1930 ஜனவரியில் காடிலாக் கம்பெனி வெளியிட்ட பதினாறு சிலிண்டர் வாகனத்தில், எண்ணெயின் அழுத்தத்தால் இடைவெளியை அகற்றும் ஏற்பாடு செல்வந்தர்களுக்குரிய சௌகரியமாக வந்து சேர்ந்தது. 1949-இல் ஓல்ட்ஸ்மொபீலின் ராக்கெட் வி-8 போன்ற யந்திரங்கள் ஹைட்ராலிக் டாப்பெட்டுகளோடு வெளிவந்தபோது, அந்த நிசப்தம் சாமானியக் குடும்பங்களின் வாகனத்துக்கும் கிட்டியது.

நிசப்தம் கிட்டியதோடு புதிய கடமை ஒன்றும் வந்தது. ஹைட்ராலிக் டாப்பெட்டின் வயிற்றில் சிறு பிஸ்டன் ஒன்றும், அதைத் தாங்கும் ஸ்பிரிங்கும், எண்ணெயை உள்ளே விட்டு வெளியே விடாத சின்னஞ்சிறு வால்வும் இருக்கின்றன. பிஸ்டனுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளி, அங்குலத்தைப் பத்தாயிரம் கூறாக்கினால் அவற்றில் சில கூறுகளே. ஒரு தூசு புகுந்தாலும் பிஸ்டன் இறுகிப்போகும். ஆகவேதான் அநுபவமுள்ளவர், துருப்பிடிக்காதிருக்கத் தொழிற்சாலையில் பூசிய பூச்சைக் கழுவிவிட்டு, சுத்தமான எஞ்சின் ஆயில் நிறைந்த கிண்ணத்தில் டாப்பெட்டை முழுக வைக்கிறார். சிலர், டாப்பெட்டின் மேல் நிற்கும் புஷ் ராடின் நுனியால் பிஸ்டனை மெல்ல அமுக்கி அமுக்கி விடுவார்கள். அப்போது உள்ளிருந்த காற்று முத்து முத்தாகக் குமிழியிட்டு மேலே வரும். ஆனால் எண்ணெயை நிரப்பி டாப்பெட்டை விறைக்கச் செய்துவிட்டு, வால்வை அமுக்கும் ராக்கரை அவசரமாக முடுக்கினால், வால்வு மூடாமலே நின்றுவிடும் அபாயம் உண்டு.

எண்ணெய் உள்ளே செய்யும் வேலை இது. வெளியே, கேமைத் தொடும் அடிமுகத்தின் விஷயம் இன்னும் நுட்பமானது. தட்டை என்று பெயர் பெற்ற அந்த முகம் உண்மையில் தட்டையன்று. இரண்டு புது டாப்பெட்டுகளை முகத்தோடு முகம் வைத்துப் பிடித்தால் அவை இலேசாக ஆடும். கேம் மேடும் ஒருபுறம் சற்றே சரிந்திருப்பதால், டாப்பெட் ஏறி இறங்கும்போதே தன்னைத்தான் சுற்றிக்கொள்கிறது; சுற்றும்வரை தேய்மானம் எங்கும் பரவும், சுற்றாது நின்றால் ஒரே இடத்தில் குழி விழும். ஆகவே மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த கரும்பசையை அடிமுகத்திலும் கேம் மேட்டிலும் மட்டுமே தடவுவர். பக்கச் சுவருக்குச் சாதாரண எண்ணெயே உசிதம். பூட்டியதும் எண்ணெய்ப் பம்பை டிரில்லால் சுழற்றி, ராக்கர்களில் எண்ணெய் கசிவதைக் கண்ணால் கண்ட பின்னரே யந்திரத்தைக் கிளப்புவர். கிளப்பிய பின் இருபது முப்பது நிமிஷம் ஐட்லிங்கில் விடாமல், நிமிஷத்துக்கு 2,000 சுற்றுக்கு மேல் ஓட்டுவர். கேமுக்கு வேண்டிய எண்ணெய் பெரும்பாலும் கிராங்க் தண்டு சுழன்று வாரியிறைப்பதாலேயே கிடைக்கிறது. மெதுவாகச் சுழன்றால் அது போதாது. ஒன்றோடொன்று இவ்விதம் இழைந்த டாப்பெட்டையும் மேட்டையும் அதன்பின் மாற்றிச் சேர்ப்பதில்லை.

கையால் செய்த இக்காப்புக்குத் துணையாக எண்ணெயிலேயே ஒரு காவல் இருந்தது. பேரிங்கை அரிப்பிலிருந்து காக்கவும் எண்ணெய் கெடாதிருக்கவும் 1940-களில் சேர்க்கத் தொடங்கிய துத்தநாக-பாஸ்பரஸ் கூட்டுப்பொருள், உலோகத்தின்மேல் படலமாகப் படிந்து கேமையும் டாப்பெட்டையும் தேயாமல் காப்பது பின்னர் தெரியவந்தது. 1975-ஆம் ஆண்டு மாடல் முதல் அமெரிக்க வாகனங்களில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பரவிற்று. பாஸ்பரஸ் அதற்கு விஷம். எனவே எண்ணெயில் பாஸ்பரஸின் அளவு படிப்படியாகக் குறைந்து, 2004-இல் வந்த தரவிதியின்படி, வழக்கில் மிகுந்த இலகு எண்ணெய்களில் 0.08 சதவீதத்துக்கு மேற்படக் கூடாதென்றாயிற்று. 1980-களின் நடுவிலிருந்து, கேமின்மேல் உராயாமல் சக்கரத்தால் உருளும் ரோலர் டாப்பெட்டுகள் புது யந்திரங்களில் வந்துவிட்டபடியால் அவற்றுக்கு இதனால் பெரிய ஹானி இல்லை. பழைய தட்டை டாப்பெட் யந்திரங்களுக்கோ, கவசத்தைக் கழற்றினாற்போல் ஆயிற்று. புதிதாகப் பூட்டிய கேம்கள் முதல் ஓட்டத்திலேயே மழுங்கிய செய்திகள் பெருகின.

அதுமுதல், எண்ணெய் செய்துவந்த காவலில் ஒரு பங்கு மனிதர் கைக்கே திரும்பி வந்துவிட்டது. ரோலரிலும்கூட, அதன் ஊசி பேரிங்குகளில் எண்ணெய் ஊறிய பின்னரே பூட்டுகிறார்கள். ஊற்றிய எண்ணெய் எப்படியும் பிறகு வந்து சேரும். அது வந்து சேருமுன் கழியும் அந்தச் சில கணங்களுக்கு உலோகத்தைக் காப்பது, முன்பே ஊறிய எண்ணெயும், விரல் நுனியால் பொறுமையோடு தடவிய அந்தக் கரும்பசையும்தான்.