உப்பில் பிறந்து ஊருணி தேடும் பெர்குளோரேட்

சமையலுப்பைத் தண்ணீரில் கரைத்து மின்சாரம் பாய்ச்சினால் முதலில் குளோரேட் கிடைக்கும். விடாமல் பாய்ச்சினால் பெர்குளோரேட் கிடைக்கும். அதோடு பொட்டாசியம் குளோரைடு சேரும்போது, பொட்டாசியம் பெர்குளோரேட் வெள்ளைப் பொடியாகப் படிகிறது. மூட்டைகளில் சிவகாசி வட்டாரத்துப் பட்டாசு ஆலைகளுக்கு வந்து இறங்கும் இந்தப் பொடிக்கு அங்கே ஒரே வேலைதான்: மருந்து எரிய ஆக்சிஜன் கொடுப்பது. வானத்தில் பூவாய் விரியும் பேன்சி ரகங்களின் மருந்தில் இதற்கு முக்கிய இடம். இதன் உறவான அமோனியம் பெர்குளோரேட், இஸ்ரோ ராக்கெட்டுகளின் திட எரிபொருளில் இருக்கிறது.

முழுதாக எரிந்துவிட்டால் இதன் கதை அங்கேயே முடிந்துவிடும். மிஞ்சுவது பெரும்பாலும் சாதாரணக் குளோரைடு. எரியாமல் தப்பியதுதான் ஊர் சுற்றக் கிளம்புகிறது. மருந்து கலக்கும் அறையைக் கழுவிய தண்ணீர், தரையில் சிந்திய தூள், தேறாது என்று ஒதுக்கிய கழிவு மருந்து, நமுத்துப்போய் வெடிக்காமல் கிடக்கும் பட்டாசு என்று எல்லாமும் முதல் மழைக்குக் காத்திருக்கின்றன.

பெர்குளோரேட் மழைத் தண்ணீரில் கரைந்துவிடும். கரிசல் மண்ணுக்கு எத்தனையோ உரத்தையும் உலோகத்தையும் பிடித்துவைக்கத் தெரியும். ஆனால் களிமண் துகளுக்கு எதிர்மின் சுமை, பெர்குளோரேட்டுக்கும் எதிர்மின் சுமை. ஒன்றையொன்று தள்ளுவதால் மண்ணில் ஒட்டாமல் மழைத் தண்ணீரோடு கீழே இறங்கிவிடுகிறது. அடியில் பாறை. அதன் வெடிப்புகளில் தேங்கி நிற்கும் தண்ணீரைத்தான் நம் ஆழ்துளைக் கிணறுகள் இறைக்கின்றன. நிறமில்லை, வாடையில்லை, இருக்கும் அளவுக்குச் சுவையும் தெரியாது.

இந்த வழித்தடத்தைத் தேடி இந்திய, ஜப்பானிய ஆய்வாளர்கள் சிவகாசி, மதுரைப் பகுதிகளில் தண்ணீர் எடுத்துச் சோதித்து, 2013இல் முடிவை வெளியிட்டார்கள். பட்டாசு ஆலைகள் நிறைந்த சிவகாசிப் பகுதியில் மட்டும் அளவு எகிறியது. நிலத்தடி நீரில் உச்சம் லிட்டருக்கு 7,690 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2017இல் வகுத்த வழிகாட்டு அளவு 70. நூறு மடங்குக்கும் மேல். கேரளத்தின் ஆலுவா அருகே, ராக்கெட்டுக்கான அமோனியம் பெர்குளோரேட் தயாரிக்கும் ஆலையைச் சுற்றிய கிணறுகளிலும் இதே பொருள் பிடிபட்டது. அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் பக்கத்து ஹெண்டர்சன் ஆலைகளில் கசிந்தது, கொலராடோ ஆற்றோடு போய்த் தெற்குக் கலிஃபோர்னியாவின் குடிநீரில் கலந்திருந்தது 1997இல் தெரியவந்தது.

உடம்புக்குள் போனால் இது நேராகத் தேடுவது தைராய்டு சுரப்பியை. அயோடின் நுழைய வேண்டிய வாசலில் இது முந்திக்கொள்கிறது. தைராய்டு மிகுதியாகச் சுரந்தவர்களுக்கு இதையே மருந்தாகக் கொடுத்த காலமும் உண்டு. வளர்ந்தவர்கள் சிறு அளவைத் தாங்கிக்கொள்வார்கள். கவலை கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் பற்றியது: கருவிலும் கைக்குழந்தைப் பருவத்திலும் மூளை வளர்வதே தைராய்டு சுரப்பை நம்பித்தான்.

குளோரின் பொடி கிருமியைக் கொல்லும். பெர்குளோரேட்டை ஒன்றும் செய்யாது. கொதிக்கவைத்தால் தண்ணீர்தான் குறையும், இது குறையாது. வீட்டு ஆர்.ஓ. எந்திரம் பெரும்பகுதியைப் பிடித்துவிடும். ஆனால் பிடித்ததைக் கழிவுத் தண்ணீரில் சேர்த்து மறுபடி மண்ணுக்கே அனுப்பும். இதை உண்மையில் ஒழிப்பவை சில வகை பாக்டீரியாக்கள்தான். ஆக்சிஜன் இல்லாத சேற்றில், தின்ன இரையும் இருந்தால், அவை பெர்குளோரேட்டைச் சிதைத்துக் குளோரைடாக்கும். அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் வாணவேடிக்கை நடந்த ஓர் ஏரியில் ஏறிய அளவு பழைய நிலைக்கு வர 20 முதல் 80 நாள் ஆனது. சேறே இல்லாத பாறை வெடிப்பில் அந்த வேகத்தை எதிர்பார்க்க முடியாது.

இனி, குழாய்த் தண்ணீர். விருதுநகர் மாவட்டத்தில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்த இடங்கள் உண்டு என்பது பழைய சங்கதி. இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500இல் ஃப்ளோரைடுக்கு லிட்டருக்கு 1 மில்லிகிராம், நைட்ரேட்டுக்கு 45 என்று வரம்பு இருப்பதால் அவற்றைச் சோதிக்கிறார்கள். அந்தப் பட்டியலில் பெர்குளோரேட் இல்லை. பட்டியலில் இல்லாததை யாரும் தேடுவதில்லை. ஆகவே ‘குடிக்க உகந்தது’ என்று சான்று பெற்ற தண்ணீரும், பெர்குளோரேட் இருக்கிறதா என்ற கேள்விக்குப் பதில் சொன்னதாகாது. உச்ச நீதிமன்றம் 2018இல் பட்டாசில் பேரியம் உப்புகளுக்குத் தடை போட்டதிலிருந்து நடக்கும் பட்டாசு வாதமெல்லாம் டெல்லியின் காற்றைப் பற்றியது. சிவகாசியின் கிணற்றைப் பற்றி அந்த அளவுக்குப் பேச்சில்லை.

விருதுநகர், சாத்தூர், அருப்புக்கோட்டைக்குத் தாமிரபரணியிலிருந்து வரும் ‘நல்ல தண்ணி’ பட்டாசு வட்டாரத்துக்கு வெளியே எடுக்கப்படுவது. சிவகாசிக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல் வடகிழக்கே இருக்கும் மல்லாங்கிணறு போன்ற ஊர்களுக்குத் தூரமும் ஒரு காவல். ஆனால் குழாயில் நல்ல தண்ணி வராத நாளில் ஆலைப் பக்கத்துக் கிராமங்கள் போர்த் தண்ணியைத்தான் நம்பியிருக்கின்றன. சிவகாசி நகருக்குக் குடிநீர் தரும் வெம்பக்கோட்டை அணையோ ஆலைகள் மிகுந்த வட்டத்திலேயே இருக்கிறது.

செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. குடிநீர் வடிகால் வாரியமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் வெம்பக்கோட்டை அணையிலும், சிவகாசி, சாத்தூர் சுற்றுவட்டார ஆழ்துளைக் கிணறுகளிலும் மழைக்கு முன்னும் பின்னும் பெர்குளோரேட்டை அளந்து, ஊர்வாரியாக முடிவைப் பஞ்சாயத்துப் பலகையில் ஒட்ட வேண்டும். ஆலைகள் கழுவு தண்ணீரை மண்ணில் விடாமல் தொட்டியில் பிடிக்க வேண்டும். அதுவரை, ஆலைக்கு அருகே குடியிருப்பவர்கள் கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் போர்த் தண்ணியைக் கொடுக்காதீர்கள். சமையலுக்கு அயோடின் கலந்த உப்பையே வாங்குங்கள்.