சிலேட்டைத் தூக்கு!

நான் 1956-ல் பிரெஞ்சுப் பள்ளியில் சேர்ந்தபோது, புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவிடம் வந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. சட்டப்படி ஊர் நம்முடையதானது 1962 ஆகஸ்ட் 16-ல்தான். அந்த இடைக்காலத்தில் எங்கள் தெருவில் பலர் பிள்ளைகளை இங்கிலீஷ் பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். என் அப்பா மாற்றவில்லை. தாத்தா சொல்தா; அவருடைய பென்ஷன் பிராங்கில் வந்துகொண்டிருந்தது. அப்பாவுக்கு அது போதுமான காரணம்.

காலையில் போனதும் கையை நீட்ட வேண்டும், நகம் பார்ப்பார்கள். கரும்பலகையில் தேதியும், அதன் கீழ் ஒரு நீதி வாக்கியமும் இருக்கும். கட்டைப் பேனாவை ஊதா மசியில் தொட்டு, மேலே இழுக்கும் கோடு மெல்லியதாகவும் கீழே வரும் கோடு தடிமனாகவும் அதை நோட்டில் எழுத வேண்டும். பிறகு திக்தே, அதாவது சொல்வதெழுதுதல். முற்றுப்புள்ளி, காற்புள்ளியைக் கூட முசியே வாயால் சொல்லுவார். அதுவரை எனக்குக் கவலையில்லை.

அடுத்து வரும் மனப்பாடப் பாட்டுதான் எனக்கு நரகம். எனக்குத் திக்குவாய். எழுந்து நின்றால் முதல் சொல்லிலேயே மாட்டிக்கொள்வேன். பையன்கள் சிரிப்பார்கள். பதில் தெரிந்தும் தெரியாதவன் என்று பெயர் வாங்கினேன்.

ஆனால் தினமும் கால் மணி நேரம் மனக்கணக்கு உண்டு. முசியே ஒரு கணக்கைச் சொல்லி, அளவுகோலால் மேஜையில் ஒரு தட்டுத் தட்டுவார். உடனே எல்லோரும் சிலேட்டில் விடையை எழுத வேண்டும், விடை மட்டும். இரண்டாவது தட்டுக்குக் குச்சியைக் கீழே வைத்துச் சிலேட்டைத் தலைக்கு மேலே தூக்க வேண்டும். ஒரே பார்வையில் முப்பது விடையும் அவருக்குத் தெரிந்துவிடும். தப்பு எழுதியவன் ஒளிய முடியாது; பேச வராதவனும் ஒளிய வேண்டியதில்லை. மூன்றாவது தட்டு, சிலேட்டைத் துடைக்க. நாங்கள் கோவை இலை கொண்டுபோவோம், மறந்தவனுக்கு எச்சில்.

தொண்ணூறுக்குப் பிரெஞ்சில் 'நாலு இருபதும் பத்தும்' என்று சொல்ல வேண்டும். சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் நம் தொண்ணூறுக்குள் ஒரு நூறு உட்கார்ந்திருப்பதை யாரும் கேட்பதில்லை!

இந்த முறைக்குப் பிரெஞ்சில் லா மார்த்தினியேர் முறை என்று பெயர். அந்தப் பெயரின் கதை எனக்கு ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது. லியோன் நகரத்துக்காரர் குளோத் மார்த்தேன் என்பவர், 1750-களின் தொடக்கத்தில் பிரெஞ்சுக் கம்பெனியின் சிப்பாயாக வந்து இறங்கியது நம் புதுச்சேரியில். 1760-ல் அவர் ஆங்கிலேயர் பக்கம் போய்விட்டார். அடுத்த ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்தது. அவரோ லக்னோவில் நவாபின் ஆயுதச்சாலையைப் பார்த்துக்கொண்டு பெரும் பணம் சேர்த்து, மேஜர் ஜெனரலாகவும் ஆகி, 1800-ல் இறந்தார். அவர் உயில்படி கல்கத்தா, லக்னோ, லியோன் மூன்று ஊரிலும் லா மார்த்தினியேர் என்ற பெயரில் பள்ளிகள் எழுந்தன. லியோன் பள்ளியின் முதல் தலைவர் தபரோ என்பவர்தான் இந்தச் சிலேட்டு முறையை அங்கே கொண்டுவந்தார். அங்கிருந்து அது பிரான்சின் ஆரம்பப் பள்ளிகளுக்குப் பரவி, கப்பலேறி, மார்த்தேன் விட்டுப்போன ஊருக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

முற்றுகை நேரத்தில் ஓடிப்போனவர் என்று ஊர்க்காரனாக அவர்மேல் எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. பிற்காலத்தில் அரசு அலுவலகத்தில் கூட்டல் சரிபார்க்கும் வேலை என் மேஜைக்குத்தான் வரும். வாயைத் திறக்காமல் விடையை ஒரு துண்டுத்தாளில் எழுதி நீட்டுவேன். மேலதிகாரி, "ஏன்யா, வாயால சொல்லக்கூடாதா?" என்பார்.

அந்தச் சிலேட்டின் மரச்சட்டம் மட்டும் இன்னும் பரணில் கிடக்கிறது. கல் எப்போது உடைந்தது என்று ஞாபகமில்லை.