இரண்டாவது கம்பி எங்கே?

இரவு நேரத்தில் டிராக்டருக்குப் பின்னால் செல்லும் டிரெய்லரைக் கவனித்திருக்கிறீர்களா? சில டிரெய்லர்களில் விநோதமான ஒரு காட்சி தென்படும். ஓட்டுநர் இடப்பக்கம் திரும்புவதற்கான விளக்கைப் போட்டால், அது ஒழுங்காக எரியாமல் பின்புறமுள்ள எல்லா விளக்குகளும் மங்கலாகக் கண்சிமிட்டும். பல்பை மாற்றினாலும் பயன் இராது. வண்டி திரும்பப் போகிறதா, நிற்கப் போகிறதா என்று பின்னால் வருபவருக்குப் புரியாது. இருட்டுச் சாலையில் இது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். இக்கோளாற்றைப் புரிந்துகொள்ள நாம் 1838-ஆம் ஆண்டின் ஜெர்மனிக்குப் போக வேண்டும்.

மின்னோட்டத்திற்குப் போக ஒரு வழியும் திரும்பி வர ஒரு வழியும் வேண்டும் என்பதைப் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். 1833-இல் காட்டிங்கன் நகரில் கௌஸ், வெபர் ஆகிய இரு அறிஞர்களும் தந்தி அமைத்தபோது, கூரைகளுக்கு மேலாக இரண்டு கம்பிகளை இழுத்தது இதனால்தான். ஆனால் தொலைவு கூடினால் கம்பிச் செலவும் கூடுமே! ரயில் தண்டவாளங்கள் இரண்டையும் கம்பிகளாகப் பயன்படுத்தினால் என்ன என்று கௌஸ் ஒரு யோசனை சொன்னார். மியூனிக் நகரப் பேராசிரியர் ஸ்டைன்ஹைல் அதை நியூரம்பெர்க்–ஃபூர்த் ரயில் பாதையில் சோதித்துப் பார்த்தார். 1835-இல் திறக்கப்பட்ட அப்பாதையின் நீளம் சுமார் 6 கிலோமீட்டர்.

சோதனை தோற்றது. ஒரு தண்டவாளத்தில் செலுத்திய மின்னோட்டம் மறுமுனையை அடையுமுன் தரை வழியே மற்றதற்குக் கசிந்துவிட்டது. வேறொருவராயிருந்தால் கருவிகளைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பியிருப்பார். ஸ்டைன்ஹைலோ, மண் இவ்வளவு எளிதாக மின்சாரத்தைக் கடத்துமானால் அதையே திரும்பும் வழியாக்கலாமே என்று எண்ணினார். இரு முனைகளிலும் செப்புத் தகடுகளை மண்ணில் புதைத்தார். நடுவே ஒரே கம்பி. தந்தி வேலை செய்தது! செம்போடு ஒப்பிட்டால் மண் மிக மோசமான கடத்திதான். ஆனால் மின்னோட்டம் பரவிச் செல்ல அதில் இடம் ஏராளம். குறுக்குப் பரப்பு கூடக் கூட மின்தடை குறையும் அல்லவா?

இதே சிக்கனத்தைத்தான் பிற்காலத்தில் மோட்டார் வண்டிகளும் கைக்கொண்டன. அங்கே மண்ணுக்குப் பதில் வண்டியின் இரும்புச் சட்டம். ரப்பர் டயரின்மேல் நிற்கும் வண்டிக்கும் பூமிக்கும் மின்தொடர்பு இல்லை. ஆயினும் மெக்கானிக் இன்றும் அதை 'எர்த்து' என்றுதான் சொல்கிறார்!

டிரெய்லருக்கு வருவோம். அதன் சட்டம் வேறு, இழுக்கும் வண்டியின் சட்டம் வேறு. இரண்டையும் இணைக்கும் கொக்கியில் கிரீசும் துருவும் படிந்திருக்கும். வண்டி குலுங்கும்போது தொடர்பு விட்டுவிட்டு ஏற்படும். ஆகவே 7 முனைப் பிளக்கில் எர்த்துக்கென்றே ஒரு முனை உண்டு. பன்னாட்டுத் தர முறையில் அது 3-ஆம் எண். கம்பியின் நிறம் வெள்ளை. இது அறுந்துவிட்டால், இடப்பக்க விளக்கின் வழியே சென்ற மின்னோட்டம் திரும்ப வழியின்றி, பிரேக் விளக்குகளுக்குள் பின்புறமாகப் புகுந்து, முன்வண்டியின் பிரேக் விளக்குகள் வழியாக வீடு திரும்புகிறது. எல்லாம் மங்கலாக எரிவதன் மர்மம் இதுவே.

முழுவதும் அறுந்திருக்க வேண்டும் என்பதுமில்லை. 12 வோல்ட்டில் 21 வாட் பிரேக் பல்புகள் இரண்டின் கூட்டு மின்தடை ஏறத்தாழ 3.4 ஓம். துருவினால் எர்த்தில் 1 ஓம் சேர்ந்தாலே பல்புக்குக் கிட்டுவது சுமார் 9 வோல்ட்தான். இழை சூடு குறைவதால் ஒளி பாதிக்கும் கீழே போய்விடும்.

சோதிப்பது எளிது. விளக்கைப் போட்டுவிட்டு, பாட்டரியின் எதிர்முனையிலிருந்து நீண்ட கம்பி ஒன்றை டிரெய்லர் விளக்கின் எர்த்து முனையில் தொட்டுப் பாருங்கள். உடனே பளிச்சென்று எரிந்தால் குற்றவாளி பல்பு அல்ல. எர்த்துக் கம்பி சட்டத்தில் முடுக்கப்பட்ட இடத்தைத் தேடிப் பிடித்து, பெயிண்டையும் துருவையும் இரும்பு தெரியும்வரை சுரண்டிவிட்டு, போல்ட்டை இறுக்குங்கள். பிறகு பிளக்கின் 3-ஆம் முனையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.