கெற்றிஸ்பேக் மேட்டில் ஒரு சார்ஜன்ற்
பிரெடரிக் பியூகரின் வாழ்வும் போர்ப்பணியும்

போர்களின் வரலாறு பெரும்பாலும் படைத்தலைவர்களின் பெயராலேயே எழுதப்பட்டு வருகின்றது. அமெரிக்க உள்நாட்டுப் போரின் திருப்புமுனை எனக் கருதப்படும் கெற்றிஸ்பேக் சமரை எடுத்துக்கொண்டால், தென்புலத்துத் தளபதி லீயின் பெயரும், வடபுலத்துத் தளபதி மீட்டின் பெயரும், இறுதித் தாக்குதலை முன்னின்று நடத்திய பிக்கற்றின் பெயரும் எவரும் அறிந்தவை. ஆனால் அத்தாக்குதலைத் தடுத்து நின்ற பீரங்கிகளுக்குக் குண்டு ஊட்டியவர் யார், எந்நாட்டினர் என்னும் வினாவை எழுப்புவோர் சிலரே. அவ்வினாவுக்கு விடையாக வரலாற்றில் நிலைத்துவிட்ட பெயர்களுள் ஒன்று பிரெடரிக் பியூகர் என்பது. அவர் அந்நாட்டிற் பிறந்தவரல்லர், படைத்தலைவருமல்லர். குடிபெயர்ந்து சென்று பீரங்கிப் படையிற் சேர்ந்த ஒரு சார்ஜன்ற். அவர் ஆற்றிய பணி எத்தகையது என்பதையும், அப்பணிக்குப் பின் அவர் அளித்த சான்று எத்துணைப் பயனுடையதாயிற்று என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பியூகர் 1836 ஆம் ஆண்டு யூன் 18 ஆந் திகதி, ஜேர்மனியின் தென்பாகத்திலுள்ள வூற்றெம்பேக் அரசைச் சேர்ந்த கொப்பிங்கன் என்னும் நகரிற் பிறந்தார். அவர் பன்னிரண்டு வயதுச் சிறுவனாயிருந்த 1848 ஆம் ஆண்டில், ஜேர்மன் நாடுகளெங்கும் அரசியற் புரட்சி எழுந்தது. அடுத்த ஆண்டிலேயே அது அடக்கப்பட்டது. புரட்சியிற் பங்குகொண்டோர் சிலர் உயிருக்கஞ்சி அமெரிக்கா சென்றனர். ஆயினும் அவர்களிலும் பன்மடங்கினர் வறுமையாலும், விளைச்சற் குறைவாலும், துண்டு துண்டாகப் பிரிந்துபோன காணிகள் குடும்பத்துக்குச் சோறிடப் போதாமையாலுமே கடல் கடந்தனர். 1854 ஆம் ஆண்டில் மட்டும் 2 இலட்சத்துக்கு மேற்பட்ட ஜேர்மனியர் அமெரிக்கத் துறைமுகங்களில் வந்து இறங்கினர். இப்பெருவெள்ளத்தில் ஒரு துளியாக இளமையிலேயே அந்நாடு சென்று சேர்ந்தவர் பியூகர்.

வந்தோரை அந்நாடு முகமலர்ந்து வரவேற்றதெனக் கூறல் இயலாது. வேற்றுமொழி பேசுவோரும் கத்தோலிக்க சமயத்தவரும் பெருகிவருவதைக் கண்டு அஞ்சிய ஒரு கூட்டத்தினர் இரகசியச் சங்கங்கள் அமைத்து, பின்னர் அமெரிக்கக் கட்சி என்னும் பெயரில் அரசியலிற் புகுந்தனர். தம் சங்கம்பற்றி யாரேனும் வினவின் தமக்கு ஒன்றும் தெரியாதென்றே அவர்கள் விடையளித்தமையால், 'ஒன்றுமறியார்' என்ற பட்டப் பெயர் அவர்களுக்கு ஏற்பட்டது. குடியேறியவர் 21 ஆண்டுகள் வாழ்ந்த பின்னரே குடியுரிமை பெறல் வேண்டும் என்பது அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்று. 1856 ஆம் ஆண்டுச் சனாதிபதித் தேர்தலில் அக்கட்சியின் அபேட்சகராக நின்ற பில்மோர் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு வாக்குகளைப் பெற்றார். அதே 1856 ஆம் ஆண்டிலேயே, இருபது வயது நிரம்பிய பியூகர் ஐக்கிய நாட்டு இராணுவத்தின் நாலாம் பீரங்கிப் படைப்பிரிவிற் சேர்ந்தார். வந்தேறிகளை நம்பலாகாதென மேடைதோறும் முழங்கிய காலத்தில், அந்நாட்டின் நிரந்தர இராணுவத்துச் சாதாரண படைஞருட் பாதிக்கு மேற்பட்டோர் அயர்லாந்திலும் ஜேர்மனியிலும் பிற நாடுகளிலும் பிறந்தவர்களாகவே இருந்தனர் என்பது கருதற்பாலது.

பீரங்கிப் படையின் தொழின்முறையைச் சிறிது அறிந்தாலன்றிப் பியூகரின் பணியை மதிப்பிடுதல் அரிது. அக்காலத்து நிறைவான பற்றரி ஒன்றில் ஆறு பீரங்கிகள் இருந்தன. ஒவ்வொரு பீரங்கியையும் அதன் முன்வண்டியோடு பூட்டி இழுக்க ஆறு குதிரைகள் வேண்டும். வெடிமருந்து வண்டிகளுக்கு வேறு குதிரைகள் வேண்டும். சுடும்போது ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கமும் அவ்விலக்கத்துக்கென ஒரு தொழிலும் உண்டு. முதலாமவன் ஈரத்தலைக் கோலாற் குழாயைத் துடைப்பான். இரண்டாமவன் குண்டினை வாயில் வைப்பான். முதலாமவன் அதனை இடித்து இறக்குவான். இவை நிகழும்பொழுது மூன்றாமவன் தோலுறையிட்ட பெருவிரலாற் பின்புறத்துத் தீத்துளையை அடைத்து நிற்றல் வேண்டும். அவன் விரல் சற்றே விலகினும் காற்றுப் புகுந்து, குழாயினுள் எஞ்சிய தணல் மூண்டு, முன்னே நிற்பவனின் கைகளையோ உயிரையோ கொண்டுபோம். நாலாமவன் இழுகயிற்றை இழுக்கப் பீரங்கி முழங்கும். தனி வீரத்துக்கு இத்தொழிலில் இடம் குறைவு. ஒருவன் தன் கடமையிற் பிழையானென்று மற்றவன் நம்பும் நம்பிக்கையே இதன் அடிப்படை.

இந்நம்பிக்கையை நாடோறும் பயிற்சியால் வளர்ப்பவன் முதற் சார்ஜன்ற். காலையிற் பெயர் கூப்பிடுவது, குதிரைகளின் தீனியையும் இலாடத்தையும் கவனிப்பது, குண்டுகளின் கணக்கை எழுதுவது, இறந்தவனின் இடத்தில் வேறொருவனை உடன் நிறுத்துவது யாவும் அவன் பொறுப்பே. அதிகாரிகள் மாறுவர், முதற் சார்ஜன்ற் மாறாது நிற்பான். பியூகர் ஐந்தாண்டுச் சேவை முடிந்தும் விலகாது மீண்டும் ஒப்பமிட்டு, நாலாம் பீரங்கிப் படைப்பிரிவின் 'ஏ' பற்றரியில் இப்பதவியை வகித்து வந்தார். 1863 இல் அப்பற்றரிக்குத் தலைவராயிருந்தவர் லெப்ரினன்ற் அலொன்சோ குஷிங். விஸ்கொன்சின் மாநிலத்திற் பிறந்து, வெஸ்ற் பொயின்ற் இராணுவக் கல்லூரியில் 1861 இற் பட்டம் பெற்ற அவருக்கு வயது 22. அவருடைய சார்ஜன்றுக்கோ வயது 27, சேவைக்காலம் ஏழாண்டு.

அவ்வாண்டின் வேனிற் பருவத்தில் ஜேர்மனியரின் நற்பெயருக்கு ஒரு பெரும் பழி நேர்ந்தது. மே 2 ஆந் திகதி சான்சலர்ஸ்வில் என்னுமிடத்தில், தென்புலத்துத் தளபதி ஜக்சன் எதிர்பாராத பக்கத்திலிருந்து பாய்ந்து வடபுலத்தாரின் பதினொராம் படையணியைச் சிதறடித்தார். அப்படையணியில் ஏறத்தாழப் பாதியினர் ஜேர்மனியர். எதிரியின் வருகைபற்றிக் கிடைத்த எச்சரிக்கைகளை மேலதிகாரிகள் பொருட்படுத்தாமையே தோல்விக்குப் பெருங் காரணம். ஆயினும் பத்திரிகைகள் பழி முழுவதையும் ஜேர்மனியர் தலையிற் சுமத்தி, அவர்களை ஓடுகாலிகளென ஏளனஞ் செய்தன. யூலை 1 ஆந் திகதி, கெற்றிஸ்பேக் சமரின் முதல் நாளில், அதே படையணி நகரினூடாகப் பின்வாங்க நேர்ந்தபோது அவ்வேளனம் இருமடங்காயிற்று. வடபுலத்துக்காகப் போரிட்ட ஜேர்மன் நாட்டுப் பிறப்பினர் ஏறத்தாழ 2 இலட்சம் பேராவர். அவர்கள் அனைவர் மீதும் இந்நிழல் படிந்தது. இந்நிலையிலேதான் யூலை 3 ஆந் திகதி விடிந்தது.

அன்று குஷிங்கின் பற்றரி கெற்றிஸ்பேக் நகருக்குத் தெற்கேயுள்ள கல்லறை மேட்டின் நடுப்பகுதியில், ஒரு சிறு மரத்தோப்பின் அருகே நின்றது. முன்னே தாழ்ந்ததொரு கற்சுவர். அச்சுவர் அவ்விடத்தில் முடக்காக வளைந்து செல்வதால் அதற்கு 'முடக்கு' என்றே பின்னர் பெயர் வழங்கலாயிற்று. சுவரைக் காத்து நின்றோர் தளபதி வெப்பின் பென்சில்வேனியக் காலாட்படையினர். அவருள் 69 ஆம் படைப்பிரிவினர் பெரும்பாலும் அயர்லாந்துக் குடிவழியினர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

பிற்பகல் ஒரு மணியளவில் தென்புலத்தாரின் ஏறத்தாழ 150 பீரங்கிகள் அம்மேட்டை நோக்கி முழங்கத் தொடங்கின. குண்டு மாரி ஓயுமுன்னரே குஷிங்கின் பீரங்கிகளுட் பல சக்கரமுடைந்தும் அச்சு முறிந்தும் செயலற்றன. வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. பூட்டிய குதிரைகள் பூட்டியபடியே வீழ்ந்தன. லெப்ரினன்ற் மில்ன் படுகாயமுற்றார். சில நாள்களிற் காலமானார். லெப்ரினன்ற் கான்பியும் காயமுற்றார். குஷிங்கின் தோளை ஒரு குண்டுச் சில் கிழித்தது; மற்றொன்று அடிவயிற்றிற் பாய்ந்தது. பின்னே சென்று வைத்தியம் பெறும்படி பியூகர் வேண்டினார். இங்கேயே நின்று போரிடுவேன், அன்றேல் இங்கேயே மடிவேன் என்பதாகக் குஷிங் மறுத்துவிட்டார். அவர் குரல் பற்றரி முழுவதற்கும் கேட்கும் வலுவை இழந்திருந்தது. எனவே பியூகர் ஒரு கையால் அவரைத் தாங்கி நின்று, அவர் மெல்லக் கூறிய கட்டளைகளைத் தம் உரத்த குரலால் திரும்பக் கூறினார். வெஸ்ற் பொயின்றிற் பயின்ற இளைஞரின் கட்டளை, கொப்பிங்கனிற் பிறந்தவரின் நாவினூடாகவே அன்று பீரங்கிகளைச் சென்றடைந்தது.

செயற்படும் நிலையில் எஞ்சியவை இரண்டோ மூன்றோதாம். தளபதி வெப்பின் இசைவு பெற்று அவற்றைக் கையாலேயே தள்ளிச் சென்று கற்சுவரோரம் நிறுத்தினர். இழுக்கக் குதிரைகளில்லை, தள்ள ஆட்கள் போதாமையாற் காலாட்படையினரும் கைகொடுத்தனர். சிறு குண்டுகள் அடைத்த தகரப்பேணிகள் பீரங்கிகளின் அருகே குவிக்கப்பட்டன. தொலைவில் எய்வதற்குரிய வெடிகுண்டைப் போலன்றி, இப்பேணிக்குண்டு குழாய் வாயிலேயே உடைந்து சிதறி, நெருங்கி வருவோர் நிரையை அரிவாள் கொண்டு அறுப்பதுபோல் அறுக்கும்.

மூன்று மணியளவில், 12,500 பேர் அளவிலான தென்புலத்துக் காலாட்படை, முக்கால் மைல் வெளிநிலத்தைக் கடந்து அம்மேட்டை நோக்கி அணிவகுத்து வந்தது. சுவரை அது அண்மித்த வேளையில் மூன்றாவது குண்டு குஷிங்கின் முகத்திற் பாய்ந்தது. வீழ்ந்தவரைப் பியூகர் கைகளில் ஏந்தினார். உடலைப் பின்னே கொண்டுசெல்லுமாறு இருவரைப் பணித்தார். பின்னர்த் தாமே தலைமை ஏற்றார். ஏற்பதற்கு வேறு அதிகாரி எவரும் அங்கு எஞ்சவில்லை. தென்புலத்துத் தளபதி ஆமிஸ்ரெட் தம் தொப்பியை வாள்முனையிற் கோத்து உயர்த்தியவண்ணம், நூற்றுவர் அளவினர் தொடரச் சுவரைத் தாண்டினார். இனிச் சுடுதல் இயலாது. பீரங்கிப் படைஞர் கைத்துப்பாக்கியாலும், குண்டிடிக்கும் கோலாலும், பீரங்கியைத் திருப்பும் தடியாலும் கைகலந்து போரிட்டனர். ஆமிஸ்ரெட் குஷிங்கின் பீரங்கிகளிடையே சுடப்பட்டு வீழ்ந்தார். இரு நாளில் இறந்தார். வடபுலத்துத் துணைப்படைகள் விரைந்து வரவே, தாண்டியவர்கள் மடிந்தனர் அல்லது பிடிபட்டனர். தாக்க வந்தோருட் பாதியளவினர் திரும்பிச் செல்லவில்லை.

பற்றரியின் இழப்பு பின்வருமாறு: இறந்தோர் 6 பேர், காயமுற்றோர் 32 பேர், 90 குதிரைகளில் 83 மாண்டன. எஞ்சியவற்றைப் போர்க்களத்திலிருந்து அகற்றிச் சென்றவர் அந்தச் சார்ஜன்ற்றே.

இனி வரலாற்று மாணவன் எழுப்பவேண்டிய வினா ஒன்றுண்டு. குஷிங்கின் இறுதி மணித்துளிகள்பற்றி நாம் அறிவனவற்றுட் பெரும்பாலானவை பியூகரின் வாயிலாக அறிந்தவை. அவரது விரிவான கட்டுரையோ நாற்பதாண்டுகளுக்கு மேல் கழிந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓர் இராணுவச் சஞ்சிகையில் வெளிவந்தது. முதுமையில் எழுதிய நினைவுரையை அவ்வண்ணமே ஏற்றல் தகுமா? சுவரருகே தள்ளப்பட்ட பீரங்கிகளின் தொகை போன்ற நுண்செய்திகளில் அவர் கூற்றும் பிறர் கூற்றும் முரண்படுகின்றன. ஆனால் முதன்மைச் செய்திகளுக்குத் தனிச் சான்றுகள் உள. வெப் தம் அறிக்கையிலேயே குஷிங்கின் உறுதியைப் புகழ்ந்துள்ளார். காலாட்படையினர் பலரும் அவர் காயத்தோடு நின்றதைக் கூறியுள்ளனர். இழப்புப் பட்டியல் எவர் நினைவையும் சார்ந்ததன்று. ஆகவே பியூகரின் உரையை விவரங்களில் ஒப்புநோக்கியும் சாரத்தில் நம்பியும் கொள்ளலாம். மற்றொன்றும் நோக்கத்தக்கது. தம் வீரத்தை விரித்தெழுத வாய்ப்பிருந்தும், அவர் எழுதியது பெரிதும் தம் அதிகாரியின் வீரத்தையே.

பியூகர் 1863 ஆம் ஆண்டிலேயே இரண்டாம் லெப்ரினன்ற் ஆக உயர்த்தப்பட்டார். அணிவகுப்பில் நின்ற குடியேறி அதிகாரியாதல் அந்நாளில் எளிதன்று. போர் முடிந்தும் இராணுவத்திலேயே நிலைத்து, 64 ஆவது வயதில், 1900 இல் ஓய்வு பெற்றார். அந்நாட்டின் மிகவுயர்ந்த போர் விருதான மதிப்புப் பதக்கம் 1897 இல் அவருக்கு வழங்கப்பட்டது; அதிகாரிகள் யாவரும் வீழ்ந்தபின் எஞ்சிய பீரங்கியைக் கொண்டு போரை நடத்தியமையே அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. 1913 இல் காலமான அவர் ஆலிங்ரன் தேசியக் கல்லறையில் அடக்கஞ் செய்யப்பட்டார்.

குஷிங்குக்கோ அப்பதக்கம் கிட்டவில்லை. இறந்தோருக்கு அதனை வழங்கும் வழக்கம் அக்காலத்தில் அருகியே இருந்தது. அவர் பிறந்த ஊரவரின் நீண்ட முயற்சியால், 2014 ஆம் ஆண்டு நவம்பர் 6 ஆந் திகதி, அவர் இறந்து 151 ஆண்டுகள் கழிந்த பின்னர், சனாதிபதி ஒபாமா அவ்விருதை அவருக்கு வழங்கினார். அதற்கு ஆதாரமாய் நின்ற சான்றுகளுள் முக்கியமானது, அவரைத் தாங்கி நின்ற சார்ஜன்ற்றின் எழுத்து.

பியூகரின் செயலைச் செஞ்சோற்றுக் கடன் என்று கூறிவிடலாம். ஆனால் சாதாரண படைஞனுக்கு மாதம் 13 டொலர் கொடுத்த சோறு அது. அவரை வந்தேறியென இகழ்ந்தோர் நாட்டுச் சோறு அது. கடன் தீர்ந்ததென யூலை 3 ஆந் திகதி மாலையிலேயே அவர் எண்ணியிருக்கலாம். அவ்வாறு எண்ணாது, வீழ்ந்த தலைவனின் புகழையும் நாற்பதாண்டுகள் சுமந்து வந்து பிறர் கையில் ஒப்படைத்தார். அப்புகழைப் பின்னாளில் ஏற்று வழங்கிய நாடு, ஒரு காலத்தில் அவரைக் குடியாக ஏற்பதற்கே தயங்கிய நாடாகும்.